தகட்டைக் கீழே இருந்து மேலே மாற்றினால் அது கண்டுபிடிப்பா? கலப்பை கிளாம்ப் வழக்கும் காப்புரிமையின் மூன்று கேள்விகளும்

ஒரு இரும்புத் தகடு. அதுக்கு மேலே ஒரு வளைந்த தண்டு. ஒருநாள் அதைச் செய்தவர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுகிறார். தகடு மேலே, தண்டு கீழே. கலப்பை முன்பைவிட நன்றாக உழைக்கிறது. "இது என் கண்டுபிடிப்பு, வேறு யாரும் செய்யக்கூடாது" என்று காப்புரிமையும் வாங்கிவிடுகிறார்.

"இதை நானே யோசிச்சிருப்பேனே, இதுக்கெல்லாமா பேட்டண்ட்?" என்று எதிர்த்தரப்பு கேட்கிறது.

இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1966 பிப்ரவரி 21-ம் தேதி வந்த அந்தத் தீர்ப்புதான், ஒரு கண்டுபிடிப்பு காப்புரிமைக்குத் தகுதியானதா என்று அமெரிக்காவில் இன்றுவரை அளக்கப் பயன்படும் அளவுகோல். வழக்கின் பெயர் கிரஹாம் எதிர் ஜான் டியர் கம்பெனி. பச்சை, மஞ்சள் டிராக்டர் விற்கும் அதே ஜான் டியர்தான்.

ஒரு சின்ன கிளாம்ப் எப்படி இவ்வளவு பெரிய சட்டக் கேள்வி ஆனது? அதே கேள்வி இந்தியாவில் வந்தபோது என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

அந்த கிளாம்ப் என்ன வேலை செய்யும்?

உளிக்கலப்பை பற்றி விவசாயிகளுக்குத் தெரியும். மண்ணைப் புரட்டிப் போடாமல், உளி போல ஆழமாகக் கீறிக்கொண்டு போகும் கலப்பை. டிராக்டருக்குப் பின்னால் ஒரு இரும்புச் சட்டம், அதில் வரிசையாக வளைந்த தண்டுகள், தண்டின் நுனியில் மண்ணைக் கீறும் முனை. இந்தத் தண்டுக்கு ஷாங்க் என்று பெயர்.

மண்ணுக்குள் பாறையும் கல்லும் இருந்தால்தான் சிக்கல். டிராக்டர் வேகத்தில் தண்டு கல்லில் மோதினால், ஒன்று தண்டு உடையும், இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் சட்டம் நெளியும். அன்றைய உழவு அதோடு நின்றுவிடும்.

இதற்கு வில்லியம் கிரஹாம் கண்ட தீர்வுதான் ஸ்பிரிங் கிளாம்ப். தண்டை அசையாமல் இறுக்கிவிடாமல், கீல் வைத்த தகட்டோடு சேர்த்து ஸ்பிரிங்கால் பிடிக்க வேண்டும். கல்லில் மோதினால் தண்டு மேலே எழும்பும். கல்லைத் தாண்டியதும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். கதவுக் கீலும் ஸ்பிரிங்கும் சேர்ந்து வேலை செய்வது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு 1950-ல் கிரஹாமுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 24,93,811. வழக்கில் எல்லோரும் சுருக்கமாக '811' என்றே சொன்னார்கள்.

பிரச்னை ஆரம்பித்தது இரண்டாவது கிளாம்பில்

811-ல் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, தண்டு கீல் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கப்படவில்லை. அதனால் உழும்போது மீன் வால் ஆட்டுவது போல இப்படியும் அப்படியும் ஆடியது. இரண்டாவது, தண்டு கீல் தகட்டுக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. உழ உழ அது மேல் தகட்டில் உரசித் தேய்த்தது. அந்த மேல் தகட்டைக் கழற்றி மாற்றுவது லேசான வேலை இல்லை.

கிரஹாம் இரண்டையும் சரி செய்தார். தண்டை ஒரு வளையப் பிடிக்குள் விட்டு, கீல் தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கினார். கூடவே இடத்தையும் மாற்றினார். தண்டுக்குக் கீழே இருந்த கீல் தகடு மேலே போனது, தண்டு கீழே வந்தது. இனி தேய்ந்தால் கீல் தகடுதான் தேயும், அதை மாற்றுவது சுலபம்.

1951 ஆகஸ்டில் இதற்கும் விண்ணப்பித்தார். "உங்கள் பழைய 811-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்று காப்புரிமை அலுவலகம் முதலில் மறுத்தது. தேய்மானமும் பழுதுபார்க்கும் வசதியும்தான் வித்தியாசம் என்று கிரஹாம் தரப்பு விளக்கியது. 1953 பிப்ரவரி 10-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 26,27,798. சுருக்கமாக '798'.

ஒரே காப்புரிமை, இரண்டு தீர்ப்பு

798 காப்புரிமையை மீறியதாக வேறொரு நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கில், 1955-ல் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரஹாம் பக்கம் நின்றது. டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாகாணங்களுக்கான நீதிமன்றம் அது. பழைய பலனையே மலிவாகவும் வசதியாகவும் தந்தால் போதும், காப்புரிமை செல்லும் என்பது அதன் பார்வை.

பிறகு ஜான் டியர் மீது வழக்கு. இது எட்டாவது வட்ட நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தீர்ப்பு தலைகீழ். இந்தச் சேர்க்கையில் புதிதாக எந்தப் பலனும் வரவில்லை, எனவே காப்புரிமை செல்லாது என்றது.

அதாவது ஒரே கிளாம்ப், ஒரே காப்புரிமை. ஒரு மாகாணத்தில் செல்லும், இன்னொரு மாகாணத்தில் செல்லாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்தது.

புதுசா இருந்தா போதாதா?

பலரும் குழம்பும் இடம் இதுதான். காப்புரிமைக்குப் புதுமை மட்டும் போதாது. ஒரு உதாரணம் பார்க்கலாம்.

மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு மாட்டும் தேங்காய் துருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளாம்ப் இறுக்கும் இடத்தில் மேஜையில் கீறல் விழுகிறது. ஒருவர் அங்கே ஒரு ரப்பர் துண்டை ஒட்டி விற்கிறார். உலகத்தில் யாருமே அதற்கு முன் துருவியில் ரப்பர் ஒட்டியதில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அது புதுசுதான்.

ஆனால் எந்தப் பட்டறைக்குப் போய் "கிளாம்ப் கீறல் போடுது, என்ன பண்ணலாம்?" என்று கேட்டாலும், "ஒரு ரப்பரை வைங்க" என்பார்கள். துறை தெரிந்த சாதாரண ஆளுக்கே சட்டென்று தோன்றும் விஷயத்துக்கு 20 வருடம் தனியுரிமை கொடுத்தால், மற்ற பட்டறைகள் எல்லாம் ஒரு ரப்பர் துண்டு வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் சட்டம் இரண்டாவது தடையை வைத்திருக்கிறது. புதிதாக இருப்பதோடு, அது வெளிப்படையானதாகவும் இருக்கக்கூடாது. வக்கீல்கள் சொல்லும் 'ஆப்வியஸ்' இதுதான்.

அமெரிக்காவில் இந்த யோசனைக்கு வயது அதிகம். மரத்திலும் உலோகத்திலும் செய்த கதவுக் குமிழைக் களிமண்ணில் செய்ததற்குக் காப்புரிமை கிடையாது என்று 1851-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரண மெக்கானிக்குக்கு இருக்கும் திறமையைத் தாண்டி அதில் எதுவும் இல்லை என்பது காரணம். இதை நாடாளுமன்றம் 1952 காப்புரிமைச் சட்டத்தின் 103-வது பிரிவாக எழுதி வைத்தது. அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம் என்று விளக்கியதுதான் கிரஹாம் வழக்கு.

அந்த மூன்று கேள்விகள்

நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு, இரண்டு கீழ் நீதிமன்றங்களும் தவறான அளவுகோலைப் பிடித்திருக்கின்றன என்றது. மலிவா, வசதியா என்பது கேள்வி இல்லை. புதுப் பலன் வந்ததா என்பதும் கேள்வி இல்லை. கேட்க வேண்டியவை இவை:

1. இதற்கு முன் என்ன இருந்தது? பழைய காப்புரிமைகள், விற்பனையில் இருந்த கருவிகள், வெளியான நூல்கள் எல்லாம் இதில் வரும். இதற்கு 'பிரையர் ஆர்ட்' என்று பெயர்.

2. முன்பிருந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

3. அந்தத் துறையில் வேலை செய்யும் சராசரி ஆளின் திறமை எவ்வளவு?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் கடைசிக் கேள்வி: அந்தச் சராசரி ஆளுக்கு, அந்தக் காலகட்டத்தில், இந்த வித்தியாசம் சட்டென்று தோன்றியிருக்குமா?

இதோடு சில துணைச் சாட்சிகளையும் பார்க்கலாம் என்றது நீதிமன்றம். பொருள் சந்தையில் சக்கைப்போடு போட்டதா? ரொம்ப நாளாக யாராலும் தீர்க்க முடியாத தேவையா? மற்றவர்கள் முயன்று தோற்றார்களா? "அவ்வளவு ஈஸின்னா ஏன் இத்தனை நாளா யாரும் செய்யலை?" என்ற நியாயமான கேள்விக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் இது.

கிளாம்புக்கு என்ன ஆனது?

மூன்று கேள்விகளையும் 798 கிளாம்ப் மீது வைத்துப் பார்த்தார்கள்.

முன்பு என்ன இருந்தது? முதலில் கிரஹாமின் சொந்த 811. தன்னுடைய பழைய கண்டுபிடிப்பே தனக்கு எதிராக வந்து நின்றது. அடுத்து கிளென்கோ என்ற நிறுவனத்தின் கிளாம்ப். காப்புரிமை அலுவலகம் 798-ஐப் பரிசீலித்தபோது இந்த கிளென்கோ கிளாம்ப் பரிசீலனை அதிகாரியின் பார்வைக்கே வரவில்லை.

என்ன வித்தியாசம்? கிளென்கோ கிளாம்பில் வளையப் பிடி உட்பட 798-ன் எல்லா உறுப்புகளும் இருந்தன. கீல் தகடு மட்டும் தண்டுக்குக் கீழே இருந்தது. ஆனால் அங்கே தண்டுக்கு மேலே இருந்த வளையப் பிடி, 798-ல் கீல் தகட்டின் குதிப்பகுதி செய்யும் அதே வேலையைச் செய்தது. தேய்மானம் விழும் இடம் கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். இயங்கும் விதம் ஒன்றே என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

அப்போது கிரஹாம் தரப்பு இன்னொரு வாதத்தை முன்வைத்தது. தகட்டை மேலே கொண்டுபோனதால் தண்டு தன் முழு நீளத்துக்கும் தடையில்லாமல் வளைந்து கொடுக்கிறது, மோதலின் அதிர்ச்சியைத் தாங்குவது அதனால்தான் என்றது.

கேட்க வலுவான வாதம். ஆனால் இரண்டு இடத்தில் அடி விழுந்தது.

ஒன்று, காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தபோது இந்த வளைவுத்தன்மை பற்றி அவர் வாதிடவே இல்லை. கோர்ட்டுக்கு வந்த பிறகு இதையே பிரதான வாதமாக்கினார்.

இரண்டு, அது உண்மையாகவே இருந்தாலும், தண்டு முழுதாக வளைய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் என்ன செய்வார்? அதை இரண்டு தகடுகளுக்கு நடுவில் அடைத்து வைக்க மாட்டார். மிச்சமிருக்கும் ஒரே நல்ல இடம் கீல் தகட்டுக்குக் கீழே. துறை தெரிந்த சராசரி ஆளுக்கு இது உடனே தெரிந்திருக்கும் என்றது நீதிமன்றம்.

798 காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பானது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகள். 1970 வரை இருந்திருக்க வேண்டிய உரிமை நான்கு ஆண்டுகள் முன்பே முடிந்துபோனது. 1955-ல் ஒரு நீதிமன்றம் 'செல்லும்' என்று சொன்னதும் காப்பாற்றவில்லை.

விடை தெரிஞ்ச பிறகு எல்லாமே ஈஸிதான்

"இது வெளிப்படையானது" என்று சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. விடுகதைக்கு விடை தெரியும் வரை மண்டை காயும். விடையைக் கேட்டதும் "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். கண்டுபிடிப்பும் அப்படித்தான். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்க்கும் நீதிபதிக்கோ எதிர்த்தரப்பு நிபுணருக்கோ எல்லாமே சாதாரணமாகத் தெரியும்.

இந்த வலையில் விழுந்துவிடக்கூடாது என்று கிரஹாம் தீர்ப்பே எச்சரிக்கிறது. புதிய கண்டுபிடிப்பிலிருந்து கற்றதைப் பழைய கருவிகளுக்குள் ஏற்றிப் படிக்கக்கூடாது. 'எப்போது தோன்றியிருக்கும்' என்று கேட்டால், கண்டுபிடிப்பு நடந்த காலத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொன்னதன் காரணமே இதுதான். "பார்த்தாலே தெரியுது" என்று தீர்ப்பு எழுத முடியாது. எது முன்பு இருந்தது, எது மாறியது என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும்.

அதே நாளில் ஜெயித்த பேட்டரி

அப்படியென்றால் பழைய உறுப்புகளைச் சேர்த்துச் செய்தது எல்லாமே தோற்குமா? இல்லை. அதே 1966 பிப்ரவரி 21-ல், அதே நீதிமன்றம், அதே அளவுகோலை வைத்து ஒரு பேட்டரிக்கான காப்புரிமை செல்லும் என்றது. அந்த வழக்கு அமெரிக்க அரசு எதிர் ஆடம்ஸ்.

ஆடம்ஸின் பேட்டரியில் மக்னீசியமும் குப்ரஸ் குளோரைடும் மின்முனைகள். தண்ணீர் ஊற்றினால் வேலை செய்யும். இரண்டு பொருளும் பேட்டரித் துறைக்குத் தெரிந்தவைதான். ஆனால் இப்படிப்பட்ட சேர்க்கை சரிவராது, தவிர்க்க வேண்டும் என்ற திசையில்தான் பழைய ஆவணங்கள் நிபுணர்களைத் திருப்பியிருந்தன. ஆடம்ஸ் செய்து காட்டியபோது ராணுவத்தின் நிபுணர்கள் முதலில் நம்பவே இல்லை. பிறகு அதே ராணுவம் அவரிடம் சொல்லாமலே அந்த பேட்டரியைப் பயன்படுத்தியது. 1955-ல்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

நிபுணர்களே "வேலைக்கு ஆகாது" என்று ஒதுக்கியதை எப்படி வெளிப்படையானது என்று சொல்ல முடியும்? ஆடம்ஸ் ஜெயித்தார்.

கிரஹாமோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு பொருள், பூச்சிமருந்து பாட்டிலுக்கான ஸ்பிரேயர் மூடி. லாரியில் போகும்போது மருந்து கசியாமல் தடுப்பது அதன் வேலை. நன்றாக விற்றது, ரொம்ப நாள் பிரச்னையையும் தீர்த்தது. ஆனாலும் தோற்றது. கசிவைத் தடுக்கும் அந்த வழி ஏற்கனவே பழைய காப்புரிமைகளில் இருந்தது. விற்பனை மட்டுமே ஒரு பொருளைக் காப்பாற்றாது என்பதற்கு அது உதாரணம்.

மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கோடு தெரியும். பழைய உறுப்புகளைச் சேர்ப்பது தவறில்லை. அந்தச் சேர்க்கை, துறை தெரிந்தவர்கள் எதிர்பார்த்த இடத்திலேயே முடிந்தால் சிக்கல். அவர்கள் எதிர்பார்க்காத இடத்துக்குப் போனால் காப்புரிமை நிற்க வாய்ப்பு உண்டு.

2007-ல் வந்த கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் இந்தத் தடை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. காரின் ஆக்சிலரேட்டர் பெடலில் எலெக்ட்ரானிக் சென்சார் பொருத்தியது பற்றிய வழக்கு அது. துறை தெரிந்த சராசரி ஆள் சொன்னதை மட்டும் செய்யும் இயந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரண அளவில் சொந்த யோசனை இருக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தியாவில் என்ன நிலைமை?

இந்திய உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான காப்புரிமைத் தீர்ப்பும் ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி பற்றியதுதான். பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ். தீர்ப்பு வந்தது 1978 டிசம்பரில்.

உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே பாத்திரங்களை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டுக் கடைசல் பிடிப்பார்கள். பழைய முறையில், சுற்றும்போது பாத்திரம் பிடியிலிருந்து கழன்று பறக்கும். வேலை செய்பவர்களுக்கு ஆபத்து. பாத்திரத்தைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஏற்பாட்டுக்கு ஹிந்துஸ்தான் மெட்டல் நிறுவனம் காப்புரிமை வாங்கியது. எண் 46368, 1951-ம் ஆண்டு.

போட்டி நிறுவனமும் அதே முறையைப் பயன்படுத்த, வழக்கு வந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. இங்கேயும் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் பதில் மாறியதைக் கவனிக்கலாம்.

நீதிபதி ஆர்.எஸ். சர்க்காரியா எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: பல பத்தாண்டுகளாகத் தெரிந்த ஒரு முறையை, அதே கடைசல் வேலைக்கு, சின்ன மாற்றத்தோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். இது 'பட்டறை மேம்பாடு', கண்டுபிடிப்பு அல்ல.

அந்தத் தீர்ப்பு கொடுத்த சோதனை சுலபமாகப் புரியும். இந்தத் துறை தெரிந்த ஒரு திறமையான ஆளிடம், புதிய கண்டுபிடிப்பைக் காட்டாமல், பிரச்னையை மட்டும் சொல்லுங்கள். கூடவே அன்றைக்கு இருந்த பழைய ஆவணங்களைக் கொடுங்கள். "எனக்கு வேண்டியது இதிலேயே இருக்கே" என்று அவர் சொல்லுவாரா? சொல்லுவார் என்றால் அது வெளிப்படையானது.

அந்த வழக்கு 1911-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்தது. இப்போது அமலில் இருப்பது 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

பிரிவு 2(1)(ஜேஏ): கண்டுபிடிப்பில் இன்வென்டிவ் ஸ்டெப் இருக்க வேண்டும். ஏற்கனவே இருக்கும் அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறை தெரிந்தவருக்கு அது வெளிப்படையானதாக இருக்கக்கூடாது.

பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பழைய வேலையையே செய்யும்படி, வெறுமனே அடுக்கி வைப்பதோ மாற்றி அடுக்குவதோ கண்டுபிடிப்பு ஆகாது. கிரஹாம் இந்தியாவில் விண்ணப்பித்திருந்தால் இந்தப் பிரிவையும் எதிர்கொண்டிருப்பார்.

பிரிவு 13(4): காப்புரிமை வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை. விண்ணப்பம் வெளியானதும் யாரும் ஆட்சேபிக்கலாம். வழங்கிய பிறகும் ஒரு வருடத்துக்குள் பாதிக்கப்படுபவர் எதிர்க்கலாம். அதன் பிறகும் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

பட்டறை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

லேத், வெல்டிங், விவசாயக் கருவி செய்யும் சிறு பட்டறைகளில் வரும் யோசனைகள் பெரும்பாலும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும். முழுப் புதுசும் இல்லை, முழுப் பழசும் இல்லை. கிரஹாம் வழக்கு அவர்களுக்குச் சில பாடங்களைத் தருகிறது.

முதலில் தேடுங்கள். கிளென்கோ கிளாம்ப் விண்ணப்பத்தின்போது கண்ணில் படாமல், கோர்ட்டில் வந்து விழுந்தது. இன்றைக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும், கூகுள் பேட்டண்ட்ஸிலும் இலவசமாகவே தேடலாம்.

வீடியோ போடுவதற்கு முன் விண்ணப்பியுங்கள். உங்கள் கருவியை யூடியூபில் நீங்களே விளக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால், உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான 'முன்பிருந்தது' ஆகிவிடலாம். முழு விவரம் தயாராகவில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் கொடுத்து, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தரச் சட்டத்தில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு விண்ணப்பங்களைக் கவனிப்பது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம்.

உண்மையான பலனை முதல் நாளே எழுதுங்கள். தண்டு வளைந்து கொடுப்பதுதான் முக்கியம் என்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் சொன்னால் நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

தோல்விகளையும் குறித்து வையுங்கள். எத்தனை மாடல் உடைந்தது, யார் யார் முடியாது என்றார்கள், தேதி என்ன? ஆடம்ஸை ஜெயிக்க வைத்ததில் நிபுணர்களின் அந்த அவநம்பிக்கைக்கும் பங்கு உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு. ஜெர்மனி, சீனா போன்ற நாடுகளில் சின்னச் சின்ன மேம்பாடுகளுக்கென்றே 'யூட்டிலிட்டி மாடல்' என்ற குறுகிய காலக் காப்புரிமை இருக்கிறது. இந்தியாவில் அது கிடையாது. வடிவமைப்புச் சட்டம் பொருளின் தோற்றத்தை மட்டுமே காக்கும், அது வேலை செய்யும் விதத்தைக் காக்காது. எனவே 'பட்டறை மேம்பாடு' என்று முத்திரை விழுந்துவிட்டால், அந்த யோசனையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அது அநியாயமா? கிரஹாமின் இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆடிய தண்டை நிறுத்தியது அவர், தேயும் இடத்தை மாற்றியது அவர். ஆனால் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரரின் இடத்திலிருந்தும் பார்க்க வேண்டும். கலப்பை ஆடுகிறது என்று ஒரு விவசாயி வந்து நின்றால், தனக்குத் தெரிந்த வழியில் தகட்டை மாற்றிப் போட்டு போல்ட்டை இறுக்கும் உரிமை அவருக்கும் வேண்டும்.

இந்த இருவருக்கும் நடுவில் கோடு போடத்தான் அந்த மூன்று கேள்விகள். முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன மாறியது, தொழில் தெரிந்தவருக்கு அது தோன்றியிருக்குமா? அடுத்த முறை "இதை நானே யோசிச்சிருப்பேனே" என்று யாராவது சொன்னால், இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.